ஏவியவனும் வெட்டியவனும்

 

 

இன்றைய உரைக்குக் காரணமாக அமைந்தது ஒரு தாயின் கேள்வி. மூன்று வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி பள்ளிவாசலின் வெளிவாசலில் ஒரு மூதாட்டி காத்திருந்தார். அவருடைய மகன் கொலைக் குற்றத்திற்காக ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறான். தனக்கு எந்தப் பகையும் இல்லாத ஒரு மனிதரைப் பணத்துக்காக வெட்டியவன். பணம் கொடுத்து அனுப்பியவர் மீதும் வழக்கு நடந்திருக்கிறது. போதிய சாட்சியம் இல்லை என்று அவர் விடுவிக்கப்பட்டுவிட்டார்.

"ஹஜ்ரத், வெட்டியது என் மகன்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லி அனுப்பியவர் வெளியில் நடமாடுகிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அல்லாஹ்விடமும் கணக்கு இப்படித்தானா?" என்று கேட்டார்.

அழுகின்ற ஒரு தாயின் முன்னால் நின்றுகொண்டு நிதானமாகப் பதில் சொல்வது எளிதன்று. "உம்மா, ஏவியவனுக்குத்தான் முழுப் பாவமும். உங்கள் மகன் அவன் கையில் இருந்த கத்தி போன்றவன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்தது. எனக்காக துஆச் செய்துவிட்டுப் போனார்.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டியபோது என் பதிலில் பாதி தவறு என்று தெரிந்தது. மார்க்கத்தின் பெயரால் சொன்ன ஒரு தவறான சொல்லைத் திருத்தாமல் விட்டுவிட்டு இந்த மிம்பரில் ஏறி நிற்க எனக்குத் துணிவில்லை. அந்தத் தாயைச் சந்தித்து விவரம் சொல்லி, அவருடைய அனுமதியைப் பெற்ற பிறகே இதைப் பேசுகிறேன். அவருடைய ஊரையும் பெயரையும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

ஸன்ஆவின் கிணறு

கொலையைத் திட்டமிட்டவருக்கும் கொன்றவருக்கும் ஒரே தண்டனையா என்ற கேள்வி இஸ்லாமிய வரலாற்றில் மிக ஆரம்பத்திலேயே எழுந்துவிட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். யமன் நாட்டின் ஸன்ஆ நகரம். ஒருவர் தம்முடைய வேறொரு மனைவியின் மகனான அஸீல் என்ற சிறுவனைத் தம் மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியூர் சென்றார். அந்தப் பெண்ணுக்கு வேறோர் ஆணுடன் தகாத உறவு ஏற்பட்டது. வீட்டில் வளர்ந்துவரும் சிறுவன் தங்களைக் காட்டிக் கொடுத்துவிடுவான் என்று அவள் அஞ்சினாள். அவனைக் கொன்றுவிடும்படி அந்த ஆணிடம் சொன்னாள். அவன் மறுத்தான். இணங்கும்வரை தன்னை நெருங்கக் கூடாது என்று அவனை விலக்கி வைத்தாள். இறுதியில் அவன் இணங்கினான்.

அவனும், அவன் சேர்த்துக்கொண்ட இன்னொருவனும், அந்தப் பெண்ணும், அவளுடைய பணியாளும் சேர்ந்து அச்சிறுவனைக் கொன்றார்கள். உடலைத் துண்டாக்கித் தோல் பையில் கட்டி, நீர் வற்றிய ஒரு கிணற்றில் எறிந்தார்கள். அதன் பிறகு நடந்ததைப் பற்றிச் சில அறிவிப்புகள் தரும் விவரம் உள்ளத்தை நடுங்கச் செய்கிறது. அஸீலைக் கொன்றவனை மறைத்துவிடாதே என்று அல்லாஹ்விடம் இறைஞ்சியபடி அந்தப் பெண் கழுதை மீதேறி ஊரைச் சுற்றி வந்தாளாம்! கொலையைத் திட்டமிட்டவளே ஊரறிய அழுகிறாள். கிணற்றுக்குள் இறங்குவதும் வெளியேறுவதுமாக இருந்த பச்சை ஈக்கள்தாம் கடைசியில் உண்மையைக் காட்டிக் கொடுத்தன.

யமனின் ஆளுநராயிருந்த யஃலா இப்னு உமையா (ரலி) அவர்கள் முன் விசாரணை நடந்தது. பிடிபட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஓர் அறிவிப்பில் அவர்கள் நால்வர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஐவர் அல்லது எழுவர் என்று காணப்படுகிறது. எண் எதுவாயினும் ஆளுநருக்கு ஏற்பட்ட தயக்கம் ஒன்றே: ஓர் உயிருக்காக இத்தனை உயிர்களை எடுக்கலாமா? மதீனாவுக்கு எழுதிக் கேட்டார்.

இந்தத் தயக்கம் அர்த்தமற்றதன்று. அறியாமைக் காலத்து அரபியர் தம் குலத்தில் ஒருவன் கொல்லப்பட்டால் எதிர்க் குலத்தில் பலரைக் கொன்றார்கள். அடிமை கொல்லப்பட்டதற்குத் தலைவனின் தலையைக் கேட்டார்கள். அந்த வெறியை அடக்கவே, கொல்லப்பட்டவனின் உரிமையாளர் பழிவாங்குவதில் எல்லை மீறக் கூடாது என்று அல்லாஹ் தன் திருமறையில் கட்டளையிட்டான் (17:33). ஒன்றுக்கு ஒன்று என்பதே கிஸாஸின் அடிப்படை. அப்படியிருக்க, ஒருவனுக்காகப் பலரைக் கொல்வது எல்லை மீறல் ஆகாதா?

உமர் (ரலி) அவர்களும் யோசித்தார்கள் என்றே ஓர் அறிவிப்பு கூறுகிறது. அப்போது அலீ (ரலி) அவர்கள் ஓர் உவமை சொன்னார்கள். சிலர் கூட்டாக ஓர் ஒட்டகத்தைத் திருடி, ஆளுக்கோர் உறுப்பாக எடுத்துக்கொண்டால் அத்தனை பேரின் கையையும் வெட்டுவீர்கள் அல்லவா? ஒட்டகம் ஒன்றுதானே என்று விட்டுவிடுவீர்களா? உமர் (ரலி) அவர்களின் தயக்கம் நீங்கியது. அனைவருக்கும் மரண தண்டனை என்று எழுதினார்கள். ஸன்ஆவாசிகள் அனைவரும் அதில் கூட்டுச் சேர்ந்திருந்தால் அனைவரையுமே தண்டித்திருப்பேன் என்ற கருத்தில் அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியிலும் இடம்பெற்றுள்ளது.

நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் பொதுவாக இத்தீர்ப்பையே பின்பற்றினார்கள். இதன் காரணம் ஆழமானது. பலர் சேர்ந்து செய்தால் தண்டனை இல்லை என்றாகிவிட்டால், கொல்ல நினைப்பவன் துணைக்கு ஒருவனைத் தேடிக்கொள்வான்; அவ்வளவுதான். கிஸாஸில் உங்களுக்கு வாழ்வு இருக்கிறது என்று இறைவன் கூறுவதன் (2:179) பொருளே அழிந்துபோகும். ஆயினும் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி), இமாம் ஸுஹ்ரீ, தாவூத் ளாஹிரீ போன்றோர் ஒருவருக்காகப் பலரைக் கொல்லலாகாது என்றே கருதினார்கள். அவர்களும் இறையச்சம் மிக்கவர்கள்தாம். ஓர் உயிரின் விஷயத்தில் எவ்வளவு நிதானித்தார்கள் என்பதற்காகவே இதையும் குறிப்பிடுகிறேன்.

சொல்லியவள் மட்டும்தான் என்றால்?

ஸன்ஆப் பெண் திட்டமிட்டதோடு நிற்கவில்லை, கொலையிலும் கலந்துகொண்டாள். அவள் கலந்துகொள்ளவில்லை, சொன்னதோடு சரி, வீட்டின் மறு அறையில் படுத்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது?

இந்த இடத்தில்தான் ஃபுகஹாக்கள் மிக நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். நேரடியாகச் செய்தவன், காரணமாக இருந்தவன் என்று இருவர் ஒரு செயலில் கூடினால் அச்செயல் நேரடியாகச் செய்தவனையே சாரும் என்பது ஒரு சட்ட விதி. உதுமானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டநூலில் இது 90ஆவது விதியாக இடம்பெற்றிருக்கிறது. இதன்படி, புத்தி சுவாதீனமுள்ள, பருவமடைந்த ஒருவனிடம் இன்னாரைக் கொல் என்று ஒருவன் சொல்ல, அவன் எந்தக் கட்டாயமும் இல்லாமல் போய்க் கொன்றால், கிஸாஸ் கொன்றவனுக்கு உரியது. சொன்னவனுக்கு தஃஸீர், அதாவது நீதிபதி நிர்ணயிக்கும் தண்டனை. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பெரும்பாலும் சார்ந்திருக்கும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலையும் இதுவே. தஃஸீர் என்றால் இரண்டு அடி அடித்து அனுப்புவது என்று எண்ணிவிடாதீர்கள். நீண்ட கால சிறைவாசமும் அதில் அடங்கும்.

ஏன் இந்த வேறுபாடு? சொன்னவனுக்கும் செத்தவனுக்கும் இடையில் இன்னொரு மனிதன் நிற்கிறான். அவனுக்கு அறிவு இருக்கிறது, கால் இருக்கிறது, திரும்பிப் போகும் பாதையும் திறந்திருக்கிறது. அவன் கத்தி அல்லன். நான் அந்தத் தாயிடம் கத்தி என்று சொன்னேனே, அந்த இடத்தில்தான் தவறினேன்.

கத்தி போன்றவன் என்று ஒருவனைச் சொல்லும் நிலையும் கிதாபுகளில் இருக்கத்தான் செய்கிறது. எஜமானின் கட்டளைக்காகக் கொலை செய்த அடிமையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவன் எஜமானின் சவுக்கையும் வாளையும் போன்றவனே என்று அலீ (ரலி) அவர்கள் கூறி, எஜமானுக்கு மரண தண்டனையும் அடிமைக்குச் சிறையும் விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. விவரம் அறியாத சிறுவனையோ, புத்தி பேதலித்தவனையோ ஏவிக் கொல்லச் செய்தால், ஏவியவனே கொலையாளி என்பது ஷாஃபிஈ, ஹன்பலி அறிஞர்களின் முடிவு. ஓர் ஆட்சியாளர் ஒருவனைக் கொல்லும்படி உத்தரவிட, அது அநியாயம் என்று அறியாமலே சேவகன் நிறைவேற்றினால், கிஸாஸ் ஆட்சியாளர் மீது. அநியாயம் என்று அறிந்தே நிறைவேற்றினால் சேவகன் மீது. படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை.

உயிர் போகும் என்று மிரட்டப்பட்டவன் கொலை செய்தால்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி கிஸாஸ் மிரட்டியவனுக்கு. அவர்களுடைய மாணவர் ஸுஃபர் (ரஹ்) அதற்கு நேர்மாறாக, கொன்றவனுக்கே என்றார். இன்னொரு மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்), இருவருக்கும் கிஸாஸ் இல்லை, மிரட்டியவன் தியத் கொடுக்க வேண்டும் என்றார். இமாம் மாலிக், இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோரும், வலுவான சொல்லின்படி ஷாஃபிஈ மத்ஹபும் இருவருக்குமே கிஸாஸ் என்கின்றனர். ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், விஷயம் எவ்வளவு கனமானது என்று பாருங்கள்! இத்தனைக்கும் ஒரு விஷயத்தில் அவர்கள் அனைவரும் ஒன்றுபட்டார்கள். மிரட்டப்பட்டாலும் கொல்வது ஹராம். தன் உயிரைக் காத்துக்கொள்ள இன்னோர் அப்பாவியின் உயிரை எடுக்க எவருக்கும் உரிமையில்லை.

பிடித்துக் கொடுத்தவனின் சட்டம் இன்னொன்று. ஒருவன் இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவன் கொன்றான். கொன்றவனுக்கு மரணம், பிடித்தவனுக்கு மரணம்வரை சிறை என்று அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். சாகும்வரை பிடித்திருந்தவனைச் சாகும்வரை பிடித்து வைப்பது! இமாம் மாலிக் (ரஹ்) இதில் ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள்: பிடித்தவனின் மனத்தில் என்ன இருந்தது? கொல்லப் போகிறான் என்று தெரிந்தே பிடித்திருந்தால் இருவருக்கும் மரணம். வழக்கமான அடிதடிதான் என்று எண்ணிப் பிடித்திருந்தால், அவனுக்குக் கடும் தண்டனையும் ஓராண்டுச் சிறையும். மாலிகி மத்ஹபில், கொல்வதென்று கூடி முடிவெடுத்து உடன் நின்றவர்களில் ஒருவன் மட்டுமே வெட்டியிருந்தாலும் மற்றவர்களும் அதே தண்டனைக்கு உரியவர்கள்.

என் தனிப்பட்ட எண்ணத்தைச் சொல்வதானால், கூலிக்குக் கொலை பெருகிவிட்ட நம் காலத்துக்கு இமாம் மாலிக் அவர்களின் கேள்வியே மிகவும் பொருந்துகிறது. வழிப்பறிக் கொள்ளையர் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபும் இதே திசையில்தான் செல்கிறது: ஆயுதமேந்திய கும்பலில் ஒருவன் கொன்றால், காவல் நின்றவனுக்கும் அதே தண்டனை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) மட்டும் காவல் நின்றவனுக்கு தஃஸீர் போதும் என்றார்கள். மேலும், அக்குற்றத்தில் கொல்லப்பட்டவனின் குடும்பம் மன்னித்தாலும் தண்டனை நீங்காது. அது ஊர் முழுவதின் பாதுகாப்பைப் பற்றியது. ஆள் அமர்த்திக் கொல்லும் கூட்டத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அறிஞர்களும் நீதிபதிகளும் முடிவு செய்யட்டும். நீங்களோ நானோ ஜமாஅத்தோ தண்டனை வழங்க முடியாது.

கடனும் குடும்பமும்

கூலிக்குக் கொலை என்றேன். நபி (ஸல்) அவர்களின் உயிருக்கே அப்படியோர் ஒப்பந்தம் பேசப்பட்டதை இப்னு இஸ்ஹாக் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பத்ருப் போர் முடிந்த காலம். கஅபாவின் அருகில் ஹிஜ்ரில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஸஃப்வான் இப்னு உமையா, பத்ரில் தந்தையை இழந்த செல்வந்தர். மற்றவர் உமைர் இப்னு வஹ்பு. அவருடைய மகன் மதீனாவில் கைதியாக இருந்தான். எனக்குக் கடன் மட்டும் இல்லாதிருந்தால், எனக்குப் பின் என் பிள்ளைகள் என்னாவார்கள் என்ற கவலை மட்டும் இல்லாதிருந்தால், நானே மதீனா சென்று முஹம்மதைக் கொன்றுவிடுவேன் என்று உமைர் பேச்சுவாக்கில் சொன்னார். ஸஃப்வான் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டார். உன் கடன் என் பொறுப்பு, உன் பிள்ளைகள் என் பிள்ளைகளோடு வளர்வார்கள் என்றார். வாள் தீட்டப்பட்டது, விஷம் பூசப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நாம் அற்புதமாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். ஹிஜ்ரில் இருவர் மட்டும் பேசிக்கொண்டதை நபி (ஸல்) அவர்கள் அப்படியே எடுத்துச் சொன்னதும், உமைர் அதிர்ந்து கலிமா மொழிந்ததும் அற்புதம்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தைச் சற்று நின்று பாருங்கள். ஏவியவர் பொன்னைக் கொட்டவில்லை. ஒரு மனிதனின் கடனையும் குடும்பக் கவலையையும் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. இன்றைக்குத் தரகர்கள் இளைஞர்களைப் பிடிக்கும் தூண்டில் இதைத் தவிர வேறென்ன? தவணை கட்ட முடியாத வாகனம், தங்கையின் திருமணம், வழக்குச் செலவு. அந்தத் தாயின் மகனுக்கும் கடன்தான் இருந்ததாம்.

அந்த இருவரின் முடிவும் நாம் அறிய வேண்டியது. மக்கா வெற்றியின்போது ஸஃப்வான் ஜித்தாவை நோக்கித் தப்பியோடினார். அவருக்காக நபி (ஸல்) அவர்களிடம் அபயம் பெற்றுத் தந்தவர் அதே உமைர். நபியவர்கள் அடையாளமாகத் தம் தலைப்பாகையையே கொடுத்தனுப்பினார்கள். சிந்திக்க இரண்டு மாத அவகாசம் கேட்ட ஸஃப்வானுக்கு நான்கு மாதம் வழங்கப்பட்டது. அவரும் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். கொலை நடக்கவில்லை, கொல்லப்படவிருந்தவரே மன்னித்துவிட்டார்கள். ஏவியவனுக்கும் தவ்பாவின் வாசல் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

நம் நாட்டு நீதிமன்றங்களில்

நம் நாட்டுச் சட்டமும் ஏவியவனை விட்டுவிடுவதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தூண்டுதலையும் குற்றச் சதியையும் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 49, 61 ஆகிய பிரிவுகள் இவற்றுக்குரியவை. தூண்டுதலின் விளைவாகக் குற்றம் நடந்துவிட்டால், தூண்டியவனுக்கும் அக்குற்றத்துக்குரிய அதே தண்டனை விதிக்கப்படலாம்.

காந்தியடிகள் 1948 ஜனவரி 30 அன்று கொல்லப்பட்டார். சுட்டவன் நாதுராம் கோட்ஸே ஒருவன்தான். ஆனால் 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்கிலிடப்பட்டவர்கள் இருவர். மற்றவன் சதியில் முக்கியப் பங்கு வகித்த நாராயண் ஆப்தே. அவன் துப்பாக்கியை இயக்கவில்லை. அதே வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மதன்லால் பாஹ்வா, பத்து நாள்களுக்கு முன் நடந்த குண்டு வெடிப்பு முயற்சியிலேயே பிடிபட்டுவிட்டவன். குண்டுகள் பாய்ந்த வேளையில் அவன் காவலில் இருந்தான். சதி ஒன்றே, தண்டனை மட்டும் அவரவர் பங்குக்கு ஏற்ப வேறுபட்டது.

இன்னொரு வழக்கு நம் மண்ணிலேயே நடந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் இன்னும் பலரும் கொல்லப்பட்டார்கள். குண்டைச் சுமந்து வந்த பெண் அங்கேயே இறந்துபோனாள். ஆகவே நீதிமன்றத்தின் முன் நின்றவர்கள் சதியில் பங்கு பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களே. 1998இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. 19 பேர் விடுவிக்கப்பட்டார்கள். நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியை வாக்குமூலத்தில் தாம் சேர்க்கவில்லை என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் குற்றமற்றவர் என்று அது தீர்ப்பளிக்கவில்லை. அரசமைப்பின் 142ஆம் பிரிவு தந்த அதிகாரத்தால் விடுவித்தது.

இவ்வழக்கைப் பற்றி அரசியல் கருத்துகள் பல உண்டு. அவை இந்த மிம்பருக்கு உரியவை அல்ல. இமாம் மாலிக் (ரஹ்) கேட்ட அதே கேள்வி, நம் காலத்தில் ஒரு மனிதனின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் நின்றதையே சுட்டிக் காட்டுகிறேன். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? வெட்டியவனின் கை சாட்சி சொல்லும். ஏவியவனின் உள்ளத்துக்கு எது சாட்சி? இதனால்தான் சந்தேகம் இருக்கும்போது தண்டனையைத் தவிர்க்க வேண்டும், தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்ற நெறியை நம் முன்னோர் கைக்கொண்டார்கள். அந்தத் தாயின் வழக்கில் ஏவியவர் தப்பியதும் இந்த வாசல் வழியாகத்தான். உண்மையிலேயே ஏவியவர் அவ்வழியே வெளியேறியிருந்தால் நமக்கு வயிறு எரியும். ஆனாலும் அந்த வாசலை அடைக்கச் சொல்ல நாவு எழவில்லை. அடைத்தால் உள்ளே சிக்கிக்கொள்பவர்களில் நிரபராதிகளும் இருப்பார்கள்.

சாட்சி தேவைப்படாத நீதிமன்றம்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது அல்லாஹ்வின் நீதிமன்றத்தைப் பற்றி. மறுமை நாளில் மனிதர்களிடையே முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படுவது சிந்தப்பட்ட இரத்தங்களைப் பற்றி என்று புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் ஹதீஸ் உள்ளது. அங்கே ஏவியவனின் நிலை என்ன?

ஃபிர்அவ்னைப் பாருங்கள். பனூ இஸ்ராயீலின் ஆண் குழந்தைகளை அறுத்தவன் அவன் என்றே இறைவன் கூறுகிறான் (28:4). அவன் கையால் அறுத்ததாகவா நாம் விளங்குகிறோம்? கட்டளையிட்டவன் அவன். ஆனால் நான்கு வசனங்கள் தாண்டுவதற்குள், ஃபிர்அவ்னும் ஹாமானும் அவர்களின் படைகளும் பாவிகள் என்று மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறான் (28:8). ஆணையிட்ட மன்னன், ஆலோசனை சொன்ன அமைச்சன், ஆணையை நிறைவேற்றிய சிப்பாய். ஸமூது கூட்டத்தின் ஒட்டகத்தைக் கொன்றவன் ஒருவன் (54:29). அறுத்தார்கள் என்று பன்மையில் கூறி வேதனையை அனைவர் மீதும் இறக்கினான் (91:14). ஸாலிஹ் நபியையும் குடும்பத்தாரையும் இரவோடு இரவாகக் கொன்றுவிட்டு, நாங்கள் அந்தப் பக்கமே இல்லை என்று சொல்லிவிடுவோம் எனச் சத்தியம் செய்துகொண்ட ஒன்பது பேரைப் பற்றியும் சொல்கிறான் (27:48, 49). நான் அங்கே இல்லை என்ற வாதம் எவ்வளவு பழையது!

ஆகவே ஏவியவன் தப்பவில்லை. தீயதற்குப் பரிந்துரைத்தவனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று அல்லாஹ் அறிவித்துவிட்டான் (4:85). ஒரு முஃமினைக் கொல்வதற்கு அரைச் சொல்லால் உதவியவனும் இறையருளில் நம்பிக்கையிழந்தவனாக எழுப்பப்படுவான் என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருப்பதால் அதை ஆதாரமாக வைக்கவில்லை. மேற்கண்ட வசனமே போதுமானது. தேநீர்க் கடையில் அமர்ந்துகொண்டு, அவனை இன்னுமா விட்டு வைத்திருக்கிறாய் என்று இளைஞனைச் சீண்டும் பெரியவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அந்தச் சீண்டலுக்குத் தொகை இல்லை, ஒப்பந்தம் இல்லை, எந்த நீதிமன்றத்திலும் அது நிரூபணம் ஆகாது.

அப்படியானால் வெட்டியவனின் சுமை குறைகிறதா? நான் அந்தத் தாயிடம் குறைகிறது என்றுதான் சொன்னேன். திருமறை இதற்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கிறது. நரகில் பின்தொடர்ந்தவர்கள் முறையிடுவார்கள்: எங்கள் தலைவர்களுக்கும் பெரியோர்களுக்கும் கீழ்ப்படிந்தோம், அவர்களே எங்களைக் கெடுத்தார்கள், அவர்களுக்கு இரு மடங்கு வேதனை கொடு என்று (33:67, 68). வேறோர் இடத்தில் இதே முறையீட்டுக்கு இறைவனின் பதில் வருகிறது: ஒவ்வொருவருக்கும் இரு மடங்கு, நீங்கள்தாம் அறியவில்லை (7:38 இன் கருத்து). ஷைத்தானும் அந்நாளில், நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவுவான் (14:22). அவன் சொல்வது உண்மை; அந்த உண்மை அவனைக் காப்பாற்றவும் இல்லை. ஏவியவனின் பாவமும் வெட்டியவனின் பாவமும் ஒரே பாத்திரத்திலுள்ள நீர் அல்ல, ஒருவர் பக்கம் ஊற்றினால் மற்றவர் பக்கம் குறைவதற்கு.

ஏவியவருக்கும் இங்கே ஒரு வார்த்தை. அவர் யார் என்று எனக்குத் தெரியாது; இப்போது என் எதிரில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தாலும் தெரியாது. உலகத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. அவர் செய்திருந்தால், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அவர் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. செய்யாதிருந்தால், இந்தத் தாயும் நானும் அவரைச் சந்தேகித்ததற்காக அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக!

சென்ற செவ்வாய்க்கிழமை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று, நான் சொன்னது தவறு என்பதை விளக்கினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்படியானால் என் மகன் இப்போது என்ன செய்ய வேண்டும், ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். கொலையில் மூன்று பேருடைய உரிமை இருக்கிறது என்றேன். அல்லாஹ்வின் உரிமைக்கு உண்மையான தவ்பா. இறந்தவரின் உரிமையை மறுமையில் அல்லாஹ் தீர்த்து வைப்பான். வாரிசுகளின் உரிமைக்கு அவர்களிடமே போய் நிற்க வேண்டும். சிறையில் இருப்பவன் போக முடியாது, அவனுக்காக யாராவது போகலாம்.

இறந்தவரின் மனைவி பக்கத்து ஊரில்தான் இருக்கிறாராம். ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தெரு வழியாகவே தாம் நடந்ததில்லை என்று அந்தத் தாய் சொன்னார். பிறகு, "நீங்கள் உடன் வருவீர்களா?" என்று கேட்டார்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் போவதாக இருக்கிறோம். என் மனைவியும் வருகிறார். அந்த வீட்டார் கதவைத் திறப்பார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.